ராஜகிரி ஏறினால் சுகர் ஏறுமா?

தளவானூரில் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக் கோயில் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டு வேலை. சத்ருமல்லன் என்ற அவனுடைய பட்டப்பெயரையே கோயிலும் தாங்கி நிற்கிறது. அதைப் பார்க்கப் பெரிதாக மலையேற வேண்டியதில்லை, நடந்தால் போதும். அதே விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி அப்படியல்ல. சுமார் 800 அடி உயரம், முழங்காலைச் சோதிக்கும் படிகள்.

சர்க்கரை நோயுள்ள ஒருவர் அடுத்தடுத்த நாட்களில் இரண்டையும் பார்க்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். பையில் குளுக்கோமீட்டர். குகைக் கோயிலுக்கு நடந்து திரும்பியதும் விரலில் குத்திப் பார்த்தால், பெரும்பாலும் சுகர் இறங்கியிருக்கும். ராஜகிரியில் விடுவிடுவென்று மூச்சிரைக்க ஏறி, உச்சியில் உட்கார்ந்து பார்த்தால், புறப்பட்டபோது இருந்ததைவிடக் கூடியிருக்கவும் வாய்ப்புண்டு. வியர்த்து விறுவிறுத்து ஏறியவருக்கு இது அநியாயமாகத்தான் படும்.

மீட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. நிதானமாக நடக்கும்போது கல்லீரல் ரத்தத்தில் விடும் சர்க்கரையைவிடத் தசைகள் கொஞ்சம் அதிகமாகவே இழுத்துக்கொள்கின்றன, அளவு இறங்குகிறது. மூச்சு முட்டும் வேகம் வந்துவிட்டால் கணக்கு மாறுகிறது. அட்ரினலினும் நார் அட்ரினலினும் பலமடங்கு பெருகுகின்றன. ஆபத்து என்று நினைத்துக் கல்லீரல் தன் சேமிப்பை அள்ளிக் கொட்டுகிறது. இயல்பான உடலில் அதன் உற்பத்தி ஏழெட்டு மடங்கு உயரும்; தசைகள் இழுப்பதோ மூன்று நான்கு மடங்குதான் கூடும். மிச்சம் ரத்தத்தில் நிற்கிறது. நல்ல கணையம் ஏற்றம் முடிந்தவுடன் இன்சுலினைச் சுரந்து அதைச் சரிக்கட்டிவிடும். சர்க்கரை நோயாளியின் கணையத்துக்கு அந்தச் சுறுசுறுப்பு இல்லாததால், ஏறியது இறங்க நேரமாகிறது.

அந்த ஒரு எண்ணைப் பார்த்துவிட்டுப் படியேறுவதையே விட்டுவிடுவதுதான் தவறு. ஏற்றத்தில் காலியான தசைகள் தங்கள் கிளைகோஜன் என்ற சர்க்கரைக் கையிருப்பை மறுபடி நிரப்பிக்கொள்ளத் தொடங்கும். அடுத்த ஒரு நாள், சில வேளை மூன்று நாள் வரைகூட, கொஞ்சம் இன்சுலினே நிறைய வேலை செய்யும். இரண்டு நாளுக்கு மேல் தொடர்ந்து உடற்பயிற்சியை விடாதீர்கள் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

உடல் பருமன் உள்ளவர்களுக்கு இதில் தனி லாபம் உண்டு. தசையிலும் கல்லீரலிலும் கொழுப்பு படிய, இன்சுலினின் பேச்சு அங்கே எடுபடாமல் போகிறது. கணையம் மேலும் மேலும் சுரந்து களைக்கிறது. ஆனால் சுருங்கி விரியும் தசைக்குள் சர்க்கரை நுழைய வேறொரு வழி இருக்கிறது. அதற்கு இன்சுலினின் அனுமதி தேவையில்லை. பருமனானவர்களிடமும் அந்த வழி பெரும்பாலும் அடைபடுவதில்லை. 1887-லேயே ஷோவோ, காஃப்மன் என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள், குதிரை தீனி மெல்லும்போது அதன் தாடைத் தசை ரத்தத்திலிருந்து கூடுதல் சர்க்கரையை இழுப்பதைக் கண்டார்கள். இன்சுலின் கண்டுபிடிக்கப்படுவதற்கு முப்பது ஆண்டுகளுக்கும் முன்பு!

எடை குறையாவிட்டால் நடந்து என்ன பயன் என்று சலித்துக்கொள்கிறவர்களுக்குச் சென்னையிலிருந்தே பதில் இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2006-ல் வெளியானது. மூன்றாண்டு முடிவில், வழக்கம்போல் இருந்தவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. உணவைத் திருத்தி, தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொல்லப்பட்டவர்களில் 39.3 சதவீதம். இவர்களுக்கு எடை சொல்லிக்கொள்ளும்படி குறையவும் இல்லை.

வேகத்தையும் நிதானத்தையும் கலக்கலாமா? ஜப்பானில் மாட்சுமோட்டோ நகரத்து ஆய்வாளர்கள் பிரபலமாக்கிய முறை அது: மூன்று நிமிடம் வேக நடை, மூன்று நிமிடம் மெது நடை, மாறி மாறி. கோபன்ஹேகனில் சர்க்கரை நோயாளிகளிடம் நான்கு மாதம் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரே சீராக நடந்தவர்களும் இவர்களுக்குச் சமமான சக்தியைத்தான் செலவழித்தார்கள். ஆனாலும் சர்க்கரைக் கட்டுப்பாடு மேம்பட்டது மாற்றி மாற்றி நடந்தவர்களுக்கே. சிறிய ஆய்வுதான், ஆனால் கிராமத்துச் சாலைக்குப் பொருத்தமானது. அடுத்த மின்கம்பம் வரை விரைவு, அதற்கடுத்தது வரை நிதானம் என்று வைத்துக்கொண்டால் கடிகாரம்கூட வேண்டாம்.

“கழனியில நாள் பூரா பாடுபடறவனுக்கு வாக்கிங் எதுக்கு?” என்ற கேள்வி ஊருக்கு ஊர் உண்டு. நியாயமான கேள்விதான், பாடு பழைய பாடாகவே இருந்தால். உழுவதற்கு டிராக்டர், அறுப்பதற்கு இயந்திரம், டீக்கடைக்கு டூ வீலர் என்றான பிறகு அந்த நாள் பூராவும் கணிசமாகச் சுருங்கிவிட்டது.

ராஜகிரி ஏறத் துணிகிறவர்கள் சிலவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்சுலின் ஊசியோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர், சுகர் 90-க்குக் கீழே இருந்தால் எதையாவது சாப்பிட்டுவிட்டே கிளம்ப வேண்டும். ஏற்றத்தில் கூடிய சுகர் இரவில் ‘லோ சுகர்’ ஆகக் கவிழவும் கூடும். விழித்திரையில் பாதிப்பு முற்றியவர்களுக்கும், நெஞ்சுவலி உள்ளவர்களுக்கும் டாக்டரைக் கேட்காமல் மூச்சு முட்டும் ஏற்றம் கூடாது. கால் மரத்துப்போனவர்கள் வெயிலேறிய பாறையில் செருப்பைக் கழற்றவே கூடாது. கொப்புளம் வந்தாலும் அவர்களுக்குத் தெரியாது.