கல் வாய்மூடும் இடத்தில்



ஓய்வு மிக்கவனுக்கு நூல் ஒரு பொழுதுபோக்கு. ஓய்வற்றவனுக்கோ, உறக்கத்தைக் கொடுத்து வாங்கும் அரும்பண்டம். யான் இரண்டாம் வகையினன். காலையில் தொடர்வண்டியில் ஒரு மணி நேரம், மாலையில் திரும்புகையில் ஒரு மணி நேரம்; இவ்வளவே எனக்கு வாய்த்த படிப்பு நேரம். அதனினும் பாதி நின்றுகொண்டே படிப்பது. இவ்வாறு அண்மையில் படித்த நூல்கள் நான்கு. மூன்று என் உழைப்பின் களைப்பை மாற்றின. ஒன்று அதனை மிகுவித்தது.

முதலாவது, உ.வே.சா. அவர்களின் ‘என் சரித்திரம்’. 1880ஆம் ஆண்டு குடந்தையில் சேலம் இராமசாமி முதலியார் கேட்ட ஒரு வினா, சிற்றிலக்கியங்களையே பெரிதென நினைந்திருந்த ஓர் ஆசிரியரைச் சீவகசிந்தாமணியின்பால் திருப்பியது. ஏழாண்டு உழைப்பின்பின் 1887இல் அந்நூல் அச்சேறியது. ஒரு வினா ஒரு மொழியின் பழஞ்செல்வத்தையே மீட்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இரண்டாவது, மயிலை சீனி. வேங்கடசாமியாரின் ‘மறைந்துபோன தமிழ் நூல்கள்’. தகடூர் யாத்திரை, வளையாபதி முதலாக நாம் இழந்தவற்றை, உரையாசிரியர்கள் எடுத்தாண்ட துண்டுகளைக்கொண்டு வரிசைப்படுத்திக் காட்டும் நூல் அது. படித்த அன்று இரவு உணவு இறங்கவில்லை.

மூன்றாவது, தி.வை. சதாசிவ பண்டாரத்தாரின் ‘பிற்காலச் சோழர் சரித்திரம்’. அதன் முதற்பகுதி வெளிவந்தது 1949இல். கல்வெட்டில்லாமல் ஒரு சொல்லும் சொல்லாத கண்டிப்பு. ஆயினும் படிக்கப் படிக்க விறுவிறுப்பு.

நான்காவதுதான் ஏமாற்றிய நூல். கல்லூரியிற் பயிலும் என் அண்ணன் மகள், “சித்தப்பா, இதைப் படிக்காமல் சோழரைப் பற்றிப் பேசாதீர்கள்” என்று ஐந்து பாகங்களையும் என் கையில் திணித்தாள். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’! 1950 முதல் 1954 வரை கிழமைதோறும் வெளிவந்து, 2022, 2023ஆம் ஆண்டுகளில் இரு திரைப்படங்களாகவும் உலவிய புதினம். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்கள். என் கணக்கில் ஐந்து திங்கள்.

குறை கூறுமுன் நிறை கூறுதல் முறை. நடை ஆற்றொழுக்கு. வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவனோடு குதிரையேறிய நாம் இறங்க மனமின்றியே செல்கின்றோம். சோழர் பெயரையே கேட்டறியாத எத்துணையோ இல்லங்களில் அப்பெயரை ஒலிக்கச் செய்தது இந்நூல். மறுப்பாரில்லை. ‘தியாக சிகரம்’ போன்ற வடசொற் கலப்பையும் அக்காலத்து இதழ்நடை என்று பொறுத்துக்கொள்ளலாம். என் ஏமாற்றம் வேறு.

கதையின் உயிர்முடிச்சு யாது? பாண்டியன் தலைகொண்ட ஆதித்த கரிகாலனின் கொலை. நான்கு பாகங்களும் அவ்விடம் நோக்கியே நம்மை நடத்திச் செல்கின்றன. கடம்பூர் மாளிகையில், இருளிலும் குழப்பத்திலும் இளவரசன் மாய்கின்றான். கொன்றவன் எவன்? வந்தியத்தேவன்மேற் பழி விழுகின்றது. பெரிய பழுவேட்டரையர் அப்பழியைத் தம்மேல் ஏற்றுக்கொள்கின்றார். உண்மை ஐயத்திலேயே விடப்படுகின்றது. இரண்டாயிரம் பக்கம் நடந்து வந்தவனை வாயிலில் நிறுத்திக் கதவடைப்பது அறமாகுமோ?

வரலாறே ஐயமாக இருக்கையில் புதினத்தார் என் செய்வார் எனலாம். வரலாறு சொல்வதைச் சற்றுக் கேட்போம். காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கோயிலில், முதல் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்றுளது. கரிகாலனைக் கொன்ற இரண்டகரென்று சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலிய உடன்பிறந்தாரைப் பெயர்சுட்டி, அவர்தம் சுற்றத்தார் உடைமைகளைப் பறித்த செய்தியை அது கூறுகின்றது. அவருட் சிலர் பிரமாதிராசன் என்னும் உயரிய அரசப் பட்டம் பெற்றவர்கள். அஃதாவது, கொலையாளிகள் அரண்மனைக்கு வெளியே காட்டில் ஒளிந்தவரல்லர். ஆட்சிக்கு உள்ளேயே வீற்றிருந்தவர்கள்! கல்கி அப்பெயர்களை எடுத்துக்கொண்டார்; ஆனால் கதைக்குள் அவர்கள் மந்திரக்காரராகவும் பாண்டியன் ஆபத்துதவிகளாகவுமே உலவுகின்றனர்.

மேலும், கொலை நிகழ்ந்து, உத்தமசோழன் ஆண்ட காலம் முழுதும் கழிந்து, ஏறத்தாழ 16 ஆண்டுகளின் பின்னரே அக்கல்வெட்டுப் பிறக்கின்றது. இதனால் நீலகண்ட சாத்திரியார் உத்தமசோழன்மேல் ஐயுற்றார். பண்டாரத்தார் ஏதுக்கள் காட்டி அதனை மறுத்தார். கொன்றவர் பெயரைச் சொல்லும் கல், ‘ஏன் கொன்றனர்’ என்பதைச் சொல்லவில்லை. கல் வாய்மூடும் அவ்விடத்திற்றான் புதினம் வாய்திறத்தல் வேண்டும். வரலாற்றாசிரியன் சான்றின்றிப் பேசலாகாது. புதினத்தானுக்கோ அவ்விடமே ஆடுகளம். நந்தினியைப் படைக்கத் துணிந்த கைக்கு, அரியணையின் அடியில் இருந்த நஞ்சைக் காட்டத் துணிவில்லாமற் போனதேன்? ஒற்றாடலும் சுரங்கவழியும் பெருகின. உள்ளங்களின் இருட்டு துலங்கவில்லை.

இதில் நமக்கென்ன இழப்பு என்பீர். என் அண்ணன் மகள் நந்தினியை மெய்யாக வாழ்ந்தவள் என்றே நம்பியிருந்தாள். உடையார்குடிக் கல்வெட்டை அறியாள். புனைவு, வரலாற்றுக்கு வாயிலாக இருக்கும்வரை நன்று. வரலாற்றின் இருக்கையிலேயே அமர்ந்துகொள்ளின் தீது.

ஆகவே கைம்மாறாகப் பண்டாரத்தாரை அவள் கையில் வைத்தேன். முகஞ்சுளித்தே பெற்றுக்கொண்டாள். பத்து நாள் கழித்து வந்தாள். “சித்தப்பா, கொன்றவர் பெயர் தெரிந்தும் பதினாறு ஆண்டு ஊரெல்லாம் வாய்மூடியிருந்ததா? அல்லது நமக்குக் கிடைத்த கல் மட்டும்தான் பிந்தியதா?” என்று கேட்டாள்.

ஐந்து பாகங்கள் எழுப்பாத வினாவை ஒரு வரலாற்று நூல் பத்து நாளில் எழுப்பிற்று. குடந்தையில் எழுந்த ஒரு வினா என் செய்தது என்பதை மேலே கண்டோம். எழுதுகோல் ஏந்தும் இளைஞரே! அப்பதினாறாண்டு வாய்மூடலைப் பற்றி ஒரு புதினம் எழுதுங்கள். இருநூறு பக்கம் போதும். தொடர்வண்டியில் நின்றுகொண்டே படிக்க, யான் அணியமாயிருக்கின்றேன்.