அலுவிகாரையைக் கடந்து கொரியாவுக்கு

தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்கு வரும் பஸ் வண்டியில் சில வாரங்களுக்கு முன்னர் என் பக்கத்து ஆசனத்தில் ஓர் இளைஞர் வந்தமர்ந்தார். மாத்தளை நகருக்கு வடக்கே தோட்டமொன்றில் பிறந்தவர். தென்கொரியாவில் நான்கு ஆண்டுகளும் பத்து மாதங்களும் தொழில் புரிந்துவிட்டு அண்மையில் நாடு திரும்பியவர். பத்திரிகையில் உழைத்தவனுக்கு ஓய்வு பெற்ற பின்னரும் வினாத் தொடுக்கும் பழக்கம் போவதில்லை. "தம்பி, கொரியாவில் என்னவெல்லாம் பார்த்தீர்கள்?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "தொழிற்சாலையைப் பார்த்தேன், தங்கும் அறையைப் பார்த்தேன், காசு அனுப்பும் இடத்தைப் பார்த்தேன் ஐயா" என்றார். சற்று நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தவர் மீண்டும் தொடர்ந்தார். "ஒரேயொரு தடவை சிநேகிதர்களோடு ஹேயின்சா என்ற பெரிய விகாரைக்குப் போனோம். அங்கிருந்த பிக்கு ஒருவர் எந்த நாடு என்று விசாரித்தார். இலங்கை, மாத்தளை என்றேன். மாத்தளையில் என்ன விசேஷம் என்று கேட்டார். எனக்குச் சொல்ல ஒன்றும் தெரியவில்லை. கறுவாவும் மிளகும் விளையும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்."

அவர் இதனைச் சொல்லிக்கொண்டிருந்த வேளையில் எமது வண்டி அலுவிகாரையைக் கடந்துகொண்டிருந்தது.

இச்சம்பவத்தின் பொருள் விளங்கவேண்டுமாயின் அந்த இரண்டு இடங்களையும் பற்றிச் சிறிது கூறவேண்டும்.

தென்கொரியாவின் கயா மலைச்சாரலில் உள்ள ஹேயின்சா 802ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட விகாரை. பௌத்தத் திருமறையான திரிபிடகம் முழுவதையும் சீன எழுத்தில் செதுக்கிய எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மரப்பலகைகள் அங்குப் பாதுகாக்கப்படுகின்றன. பதினொராம் நூற்றாண்டில் செதுக்கிய முதல் தொகுதி 1232இல் மங்கோலியப் படையெடுப்பின்போது எரிந்துபோயிற்று. பகைவன் நாட்டுக்குள் நிற்கும்போதே, பதின்மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், கொரியர் அத்தனையையும் மறுபடி செதுக்கினர். பலகைகளை வைத்திருக்கும் மண்டபங்களில் இன்றும் குளிரூட்டி கிடையாது. மேலும் கீழும் வெவ்வேறு அளவில் அமைத்த சாளரங்களும், கரியும் உப்பும் சுண்ணாம்பும் கலந்து இறுக்கிய தரையும் ஈரத்தைக் கட்டுப்படுத்துகின்றன. 1995இல் யுனெஸ்கோ இம்மண்டபங்களை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

எமது அலுவிகாரையோ மாத்தளை நகரிலிருந்து மூன்று கிலோமீற்றர் தொலைவில் ஏ-9 வீதியோரத்திலேயே இருக்கிறது. வாய்மொழியாகவே ஓதப்பட்டு வந்த திரிபிடகம், கி.மு. முதலாம் நூற்றாண்டில் வலகம்பா மன்னன் காலத்தில், முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்ட இடம் இதுவே என்பது நெடுநாள் மரபு. அங்கும் காரணம் போரும் பஞ்சமுமே. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்ப் படைத்தலைவர்கள் அனுராதபுரத்தைக் கைப்பற்றியிருந்த ஆண்டுகளில், ஓதும் பிக்குகள் மடிந்தால் மறையும் மறைந்துவிடுமே என்ற அச்சம் எழுந்தது. தமிழனாகிய நான் இதனை மறைத்து எழுதுவதற்கில்லை. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்திய வரலாற்றுக்கு இன்று எவரும் வெட்கப்படவோ பெருமை கொள்ளவோ வேண்டியதுமில்லை.

பின்னர் நடந்தவற்றில்தான் இரு இடங்களும் வேறுபட்டுப்போயின. 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கலகத்தை ஆங்கிலேயர் அடக்கியபோது அலுவிகாரையின் ஏட்டுச்சுவடிகள் அழிவுற்றன. 1951இல் கொரியப் போரின்போது ஹேயின்சாவைச் சூழ்ந்த மலைகளில் பதுங்கியிருந்தோர் மீது குண்டு வீசுமாறு கட்டளை பிறந்தது. விமானப்படை அதிகாரி கிம் யோங்-ஹ்வான் அக்கட்டளைக்குப் பணிய மறுத்தார். பலகைகள் பிழைத்தன. ஓரிடத்தில் ஒரு படை அழித்தது. மற்றோரிடத்தில் ஒரு படைவீரன் காத்தான்.

திரிபிடகம் எழுத்தான மண்ணிலிருந்து ஓர் இளைஞன், மரத்தில் செதுக்கப்பட்ட அதனைக் காத்த விகாரையின் முற்றத்தில் போய் நின்றான். இரண்டுக்கும் உள்ள உறவை அவனுக்குச் சொல்லிக்கொடுக்க இந்நாட்டில் ஒருவரும் இருக்கவில்லை. பள்ளிக்கூடம் சென்ற காலத்தில் நாள்தோறும் அலுவிகாரையைக் கடந்து போனாராம். "அது அவர்களுடைய பன்சலை என்று உள்ளே போனதில்லை ஐயா" என்றார். குற்றம் அவருடையதா, எங்களுடையதா?

2004ஆம் ஆண்டில் கொரியா தனது தொழில் அனுமதித் திட்டத்தைத் தொடங்கியபோது முதலில் தெரிவான ஆறு நாடுகளுள் இலங்கையும் ஒன்று. அன்று முதல் கொரிய மொழிப் பரீட்சை என்பது எமது கிராமங்களிலும் தோட்டங்களிலும் ஒரு பெருங்கனவாகிவிட்டது. காணியை ஈடு வைத்தும் நகையை அடகு வைத்தும் வகுப்புக்குச் செல்வோரை நான் அறிவேன். அவ்வகுப்புகளில் கருவிகளின் பெயர்களைக் கற்பிக்கிறார்கள். மேற்பார்வையாளருக்கு மறுமொழி சொல்லக் கற்பிக்கிறார்கள். ஐந்தாண்டு வாழப்போகும் நாட்டில் ஒரு விடுமுறை நாளை எங்கே கழிக்கலாம் என்பதைக் கற்பிப்பதில்லை. உழைக்கப் போகிறவனுக்கு ஊர் பார்க்கும் வேலை எதற்கு என்பது எமது எண்ணம். வெள்ளைக்காரன் பயணப்பை சுமந்து வந்தால் அவன் உல்லாசப் பயணி. எமது பிள்ளை பயணப்பை சுமந்து சென்றால் அவன் கூலியாள். இந்தப் பாகுபாட்டை நாமே ஏற்றுக்கொண்டிருக்கிறோம்.

ஆதலால் கொரியா செல்லும் மாத்தளைப் பிள்ளைகளுக்காக ஒரு சிறு வழிகாட்டலை இங்கே எழுதிவைக்கிறேன்.

தங்குவதற்கு: 2002இல் உலகக் கிண்ணக் காற்பந்தாட்டப் போட்டிக்கு வரும் விருந்தினரை ஏற்கும் பொருட்டுக் கொரிய விகாரைகள் தம் கதவுகளைத் திறந்துவிட்டன. அன்று தொடங்கிய 'விகாரைத் தங்கல்' இன்று நாடு முழுவதும் நடைபெறுகிறது. ஹேயின்சாவிலும் உண்டு. விடியலுக்கு முன் எழுந்து வழிபாடு, மரக்கறி உணவு, பிக்குவுடன் தேநீர், மலைநடை என்று ஓர் இரவும் ஒரு பகலும் கழியும். எம்மதத்தவரும் தங்கலாம். 2025இல் அங்குச் சட்டம் விதித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 10,030 வொன். அந்தக் கணக்கில் ஏறத்தாழ ஒரு நாள் கூலிதான் ஓரிரவுத் தங்கலுக்குச் செலவாகும். தங்க வசதியில்லாதோர் பகலில் சென்று மீளலாம். டேகு நகரின் மேற்குப் பேருந்து நிலையத்திலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம். 2023 மே மாதம் முதல் ஹேயின்சா உள்ளிட்ட பல விகாரைகளில் நுழைவுக் கட்டணமும் இல்லை.

வாங்குவதற்கு: டேகு நகரில் 1658ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் மூலிகைச் சந்தை ஒன்றுண்டு. தெரு முழுவதும் வேர், பட்டை, சின்செங் கிழங்கின் மணம் கமழும். அதன் நடுவே ஓர் அருங்காட்சியகம் அமைத்து, எந்த வேர் எந்த நோய்க்கு, அது எங்கிருந்து வந்தது என்று விளக்கி வைத்திருக்கிறார்கள். பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமலே வெளியேறலாம். கறுவாவும் சாதிக்காயும் கராம்பும் விளையும் மாத்தளையில் பிறந்தவர்கள் அதனை அவசியம் பார்க்கவேண்டும். எமது வீதியோர வாசனைத் திரவியத் தோட்டங்கள் சிலவற்றில் பயணிக்குத் தைலம் தேய்த்துவிட்டு, வெளியேறும் வாயிலில் பன்மடங்கு விலைக்குப் போத்தலை நீட்டும் வழக்கத்தை எண்ணிப் பார்க்கையில் வேறுபாடு புலப்படும். அங்கே மூன்றரை நூற்றாண்டுகளாகச் சந்தை நிலைத்திருக்கிறது. இங்கே ஒரு முறை ஏமாந்தவன் மறுமுறை வருவதில்லை.

பார்ப்பதற்கு: கிம்ஹே நகரில் சுரோ மன்னனின் கல்லறையும் அவன் மனைவி ஹோ அரசியின் கல்லறையும் உள்ளன. அவ்வரசி கி.பி. 48இல் கடல் கடந்து 'ஆயுத' என்னும் நாட்டிலிருந்து வந்தாள் என்று பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுந்த சம்குக் யூசா கூறுகிறது. அது அயோத்தியே என்பார் ஒரு சாரார்; கன்னியாகுமரிப் பக்கம் என்பார் தமிழன்பர்கள். கொரியர் தாயையும் தந்தையையும் 'ஓம்மா', 'அப்பா' என்று விளிப்பதைச் சான்றாகக் காட்டுவோருமுண்டு. கேட்க இனிக்கிறது. ஆயினும் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்குப் பன்னிரண்டு நூற்றாண்டுகள் கழித்து எழுதப்பட்ட கதை அது. இரு சொற்களின் ஒலியொப்புமை உறவுக்குச் சான்றாகாது. கல்லறையைப் பாருங்கள், கதையைக் கேளுங்கள், பந்தயம் மட்டும் கட்டாதீர்கள். கொரிய இளவரசி தமிழச்சியா என்று இரவிரவாக விவாதிக்கும் எமக்கு, மூன்று கிலோமீற்றர் தொலைவில் உள்ள அலுவிகாரையைப் பற்றி நான்கு வாக்கியம் சொல்லத் தெரியவில்லை என்பதே என் மனக்குறை.

கொரியர் செய்வதெல்லாம் சரி என்று நான் கூறவரவில்லை. சோல் நகரில் புக்சோன் என்னும் பழைய வீடுகள் நிறைந்த பகுதியில், வாசலில் நின்று படம் பிடிப்போரின் இரைச்சல் தாங்காமல் குடியிருப்பாளர் பலர் வெளியேறினர். இறுதியில் 2024 நவம்பர் முதல் மாலை 5 மணியிலிருந்து காலை 10 மணிவரை அங்குச் சில பகுதிகளில் பயணிகள் நுழையத் தடை விதித்தார்கள். 2025 மார்ச் முதல் மீறுவோருக்குத் தண்டப்பணமும் உண்டு. விருந்தோம்பலுக்கும் ஓர் எல்லை வேண்டும் என்பதைக் காலந்தாழ்த்தியே உணர்ந்தார்கள். நாம் அதனை முன்கூட்டியே கற்றுக்கொள்ளலாம்.

இனி எமது பக்கத்துக்கு வருவோம். மாத்தளை மாவட்டத்துக்கு வரும் பயணிகளில் பெரும்பாலோர் சீகிரியாக் குன்றில் ஏறி, தம்புள்ளைக் குகைகளைக் கண்டு, ஒரு வாசனைத் தோட்டத்தில் இறங்கி, கண்டிக்குப் போய்விடுகிறார்கள். அதே வீதியில் உள்ள நாலந்தா கெடிகே, பல்லவர் பாணியில் கருங்கல்லால் எழுந்த பௌத்த ஆலயம். தமிழகக் கட்டடக் கலையும் சிங்கள பௌத்தமும் ஒன்றாகக் கலந்த அரிய சின்னம். போவதென்ன நீர்த்தேக்கம் அமைந்தபோது நீரில் மூழ்காதபடி கல் கல்லாகப் பெயர்த்து உயரமான இடத்தில் மீண்டும் அடுக்கப்பட்டது. மாத்தளை நகரின் முத்துமாரியம்மன் கோயிலில் மாசி மகத்தன்று ஐந்து தேர்கள் வீதியுலா வருகின்றன. தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து, வழியில் பலரைப் பலிகொடுத்து மாத்தளையை அடைந்த தோட்டத் தொழிலாளரின் தலைமுறைகள் வணங்கிய தெய்வம் அது. 1983 வன்செயலில் சேதமுற்று மீண்டும் எழுந்த கோயில். இவையெல்லாம் எந்தப் பயணியின் அட்டவணையிலும் நிலையான இடம் பெறுவதில்லை.

அலுவிகாரையில் இன்றும் ஓலையில் எழுத்தாணியால் கீறி, கரிமை பூசித் துடைத்து, எழுத்துத் தோன்றுவதைக் காட்டுகிறார்கள். பயணி வியந்து பார்க்கிறான், உண்டியலில் காசு போடுகிறான், பத்து நிமிடங்களில் வண்டியேறுகிறான். அதனைக் கொரிய மொழியில் அவனுக்கு விளக்கவல்ல ஒருவர் அவ்விடத்தில் இருந்தால்? கொரியாவிலிருந்து மீண்ட ஆயிரக்கணக்கானோர் இந்நாட்டில் இருக்கிறார்கள். அவர்கள் பாடுபட்டுக் கற்ற மொழி, விமான நிலையத்தில் இறங்கிய நாளோடு பயனற்றுப்போகிறது. முச்சக்கர வண்டி வாங்கி ஓட்டுகிறார்கள், கடை வைக்கிறார்கள், மறுபடி போக வழி தேடுகிறார்கள். ஹேயின்சாவையும் அலுவிகாரையையும் ஒருசேர அறிந்த ஒரு மாத்தளை இளைஞனைவிடச் சிறந்த வழிகாட்டி கொரியப் பயணிக்குக் கிடைப்பானா?

இதற்குப் பெரும் முதலீடு தேவையில்லை. கொரிய மொழி வகுப்பு நடத்துவோர், பரீட்சைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாணவர்களை அலுவிகாரைக்கு அழைத்துச் செல்லட்டும். எமது தமிழ்ப் பாடசாலைகள் அது பிறருடைய விகாரை என்று ஒதுங்காமல் பிள்ளைகளை உள்ளே கூட்டிச் செல்லட்டும். சிங்களப் பாடசாலைகள் முத்துமாரியம்மன் தேரைக் காட்டட்டும். நாடு திரும்பியவர்களுக்கு வழிகாட்டி அனுமதிப்பத்திரம் பெறும் பயிற்சியைச் சுற்றுலா அதிகாரிகள் மாத்தளையிலேயே நடத்தட்டும்.

மாத்தளையில் இறங்கும்போது அந்த இளைஞர் ஒரு செய்தி சொன்னார். அவருடைய இளைய சகோதரன் இப்போது கொரிய மொழிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறானாம். "போகுமுன் அவரை ஒரு தடவை அலுவிகாரைக்குக் கூட்டிப் போங்கள் தம்பி" என்றேன். "வருகிற ஞாயிறே கூட்டிப் போகிறேன் ஐயா. எனக்கும் பார்க்கவேண்டும்" என்றார். போனார்களா என்பதை அறியேன். போயிருப்பார்கள் என்றே நம்ப விரும்புகிறேன்.