வண்ணம் பூசுவதற்கு முன்

நம் நாட்டுப்புறத்து வீடுகளில் மாட்டுக் கொட்டகையின் ஓரத்திலும், நகரத்து வீடுகளில் மாடிப்படியின் அடியிலும், தாத்தாவோ பெரியப்பாவோ ஒரு காலத்தில் ஓட்டிய மோட்டார் சைக்கிள் ஒன்று, பழஞ்சாக்கு போர்த்தி, இரண்டு சக்கரங்களிலும் காற்றிறங்கி, வருஷக்கணக்கில் நின்றுகொண்டிருப்பதைக் காணலாம். அண்மைக் காலமாக இத்தகைய வண்டிகளின்மீது இளைஞர்களுக்கு ஓர் அபிமானம் பிறந்து, அவற்றை மீண்டும் சாலைக்குக் கொண்டுவர வேண்டும் என்ற ஆவல் பரவியிருப்பது மனத்துக்கு நிறைவைத் தருகிறது. ஆனால் அந்த ஆவல் செயற்படும் முறையைப் பார்த்தால் அந்த நிறைவு நிலைப்பதில்லை. வண்டியை வெளியே தள்ளி வந்த மறுநாளே அதை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, தகடுகளையெல்லாம் பெயிண்டுக்கும் இரும்புச் சாமான்களையெல்லாம் குரோமியம் முலாமுக்கும் அனுப்பிவிட்டு, எஞ்சினைப் பட்டறையில் ஒப்படைத்து, எல்லாவற்றையும் புதிதாக மாற்றிவிடுங்கள் என்று சொல்லிவிடுவதே இப்போது வழக்கமாகிவிட்டது. அவ்வண்டி எதனால் நின்றுபோயிற்று, அதன் அங்கங்களில் எது கெட்டது, எது கெடாதது என்ற விசாரணைக்கு அங்கே இடமே இல்லை. இந்த வழக்கம் மாற வேண்டும். பழைய வண்டியைச் சீராக்கும் காரியம் பழுதை அறிவதில் தொடங்கி, கெட்டதை மட்டும் மாற்றுவதோடு நிற்க வேண்டும் என்பதும், அதில் பெரும் பகுதியை வீட்டு முற்றத்திலேயே உடையவர் தம் கையாலேயே செய்துகொள்ள முடியும் என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

நமக்கெல்லாம் நன்கு பழக்கமான 350 சி.சி. புல்லட்டையே எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரிலிருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் கூடி 1955-இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தோற்றுவித்து, அடுத்த ஆண்டில் திருவொற்றியூரில் ஆலையைத் திறந்த காலந்தொட்டு, 70 மில்லிமீட்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் வீச்சும் கொண்ட அந்த ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின், பிறந்த நாட்டில் அதன் உற்பத்தி நின்றுபோன பிறகும், அடிப்படை அமைப்பில் பெரிய மாறுதல் இன்றிப் பல தசாப்தங்கள் நம் கடற்கரையோரத்தில் உருவாகி வந்தது. இந்த மாறாத் தன்மையால்தான் அறுபது ஆண்டு வயதான வண்டிக்கு வேண்டிய பல உதிரிப் பாகங்களை இன்றும் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கேட்டு வாங்க முடிகிறது. புதுப்பேட்டையில் தேடினால் பழைய அசல் பாகங்களே கிடைப்பதும் உண்டு. குறைந்த அழுத்தத்தில், நிதானமான வேகத்தில், மோசமான சாலைகளில் உழைப்பதற்கென்று செய்யப்பட்ட யந்திரம் அது. பல ஆண்டுகள் கவனிப்பாரற்று நின்றாலும் அதன் உள்ளுறுப்புகள் அவ்வளவு எளிதில் அழிந்துபோவதில்லை என்பதை அதைத் திறந்து பார்த்தவர்கள் அறிவார்கள்.

நெடுநாள் நின்ற வண்டியின் கிக்கர் அசைய மறுத்தால் அதன்மீது ஏறிக் குதிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைவிடப் பெரிய கேட்டை ஒருவர் அதற்குச் செய்துவிட முடியாது. பிஸ்டனின் ரிங்குகள் ஈரத்தால் துருவேறிச் சிலிண்டரின் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும்போது பலாத்காரம் செய்தால் ரிங் முறியும், அல்லது கிக்கரின் பற்சக்கரம் தேயும். ப்ளக்கைக் கழற்றிவிட்டு, அந்தத் துவாரத்தின் வழியாக மெல்லிய எண்ணெயும் டீசலும் கலந்து சிறிது ஊற்றி, சில நாட்கள் அப்படியே விட்டுவைத்து, பிறகு வண்டியை மேல் கியரில் போட்டுப் பின் சக்கரத்தை முன்னும் பின்னுமாக மெதுவாக ஆட்டிக் கொடுத்தால், பெரும்பாலான எஞ்சின்கள் தாமாகவே இளகிக்கொடுக்கும். இதற்கு வேண்டிய கருவி பொறுமை ஒன்றுதான். அந்தப் பொறுமை இல்லாத காரணத்தால் எத்தனையோ நல்ல சிலிண்டர்கள் தேவையின்றி லேத் பட்டறைக்குப் போயிருக்கின்றன.

எஞ்சின் சுழலத் தொடங்கியதும் விசாரணை ஆரம்பமாகிறது. எந்தப் பெட்ரோல் எஞ்சினும் உயிர்பெறுவதற்கு உள்ளே போதிய அழுத்தம் வேண்டும், உரிய தருணத்தில் பொறி வேண்டும், காற்றோடு தக்க அளவில் கலந்த பெட்ரோல் வேண்டும். கிக்கரை மிதிக்கும்போது காலுக்கு எதிர்ப்பே தெரியவில்லையென்றால், உடனே போரிங் செய்து புதுப் பிஸ்டன் போட வேண்டும் என்று தீர்ப்பளிப்பது பட்டறைகளின் சுபாவம். ஆனால் புல்லட்டின் தலைப்பகுதியில் டிகம்ப்ரஷர் என்ற சிறிய வால்வு ஒன்று இருப்பதையும், அதன் கேபிள் இறுகிப்போய் அது எந்நேரமும் சற்றே திறந்தபடி இருந்தால் அழுத்தம் முழுவதும் அவ்வழியே வீணாகும் என்பதையும் முதலில் நினைவுகூர வேண்டும். அடுத்தபடியாக, குளிர்ந்த எஞ்சினில் இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும் நிலையில் புஷ்ராடுகளை விரலால் திருகிப் பார்க்க வேண்டும். அவை தடையின்றிச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. அதுவும் சரியாயிருந்தால், அதே நிலையில் ப்ளக் துவாரத்தின் வழியே காற்றைச் செலுத்திக் காது கொடுத்துக் கேட்டால், சீறும் ஒலி கார்புரேட்டரின் வாயில் எழுகிறதா, சைலன்சரில் எழுகிறதா, கிராங்க் கேஸின் மூச்சுக் குழாயில் எழுகிறதா என்பதைக் கொண்டு, குற்றம் உள்வாங்கும் வால்விலா, புகை வெளியேறும் வால்விலா, ரிங்கிலா என்று ஐயமறத் தெரிந்துவிடும். காரணத்திலிருந்து காரியத்துக்கும் காரியத்திலிருந்து காரணத்துக்கும் அறிவு சென்று திரும்பும் இந்தப் பயிற்சியை எந்தப் பாடப் புத்தகமும் இவ்வளவு தெளிவாகக் கற்பித்துவிட முடியாது என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

பொறியின் விஷயத்தில்தான் மனிதர்கள் மிகவும் மயங்குகிறார்கள். ப்ளக்கைக் கழற்றி எஞ்சினின் உலோகத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு கிக்கரை மிதித்தால், நீலமாகவும் திண்மையாகவும் பாய வேண்டிய பொறி மஞ்சளாகவும் மெலிந்தும் தோன்றுமானால், அல்லது தோன்றவே தோன்றாவிட்டால், காயிலை மாற்று என்ற யோசனை நாலு பக்கத்திலிருந்தும் வரும். அதற்கு முன்னால் ஹெட்லைட்டின் அருகிலுள்ள அம்மீட்டரைப் பார்க்க வேண்டும். சாவியைத் திருப்பி எஞ்சினை மெதுவாகச் சுழற்றும்போது, காயிலின் மின்சாரத்தை இணைத்தும் துண்டித்தும் விடும் பாயிண்ட் மூடித் திறப்பதற்கேற்ப அம்மீட்டரின் முள் அசைந்து அசைந்து திரும்பினால் மின்சாரம் பாயிண்ட் வரை வந்து போகிறது என்று பொருள். முள் அசையாவிட்டால் பாட்டரியிலோ, எலி கடித்த ஒயரிலோ, நின்ற காலத்தில் மேற்பரப்பு மங்கிப்போன பாயிண்டிலோ தடை இருக்கிறது. பாயிண்டின் முகங்களை மெல்லிய உப்புத்தாளால் துடைத்து, அவை முழுதும் திறந்த நிலையில் இடைவெளியை 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் நிறுத்தினால், பல வண்டிகளின் நோய் அத்துடன் தீர்ந்துவிடும். பாயிண்டில் பெரிதாகத் தீப்பொறி தெறித்தால் கண்டென்சர் கெட்டிருக்கிறது. குளிர்ந்த நிலையில் உற்சாகமாக ஓடி, சூடேறியதும் அணைந்து, ஆறிய பிறகு ஒன்றுமே நடவாததுபோல் மறுபடி ஓடும் வண்டிகளில் கண்டென்சரையோ காயிலையோ சந்தேகிப்பதே முறை. பொறி வரும் தருணத்தையும் அலட்சியம் செய்யலாகாது. பிஸ்டன் மேலுச்சியை அடைய 0.8 மில்லிமீட்டர் தூரம் இருக்கும்போது பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். இரண்டு முகங்களுக்கும் நடுவே மெல்லிய காகிதத் துண்டைச் செருகி இழுத்துப் பிடித்திருந்தால், அது விடுபடும் கணமே பாயிண்ட் திறக்கும் கணம். இதில் மிகையாக முந்திப்போனால் கிக்கர் எதிர்த்து அடிக்கும். அந்த அடியில் கணுக்கால் பிசகியவர்கள் நம் ஊர்களில் அநேகர்.

பெட்ரோல் தொட்டிக்குள் விளக்கைக் காட்டிப் பார்த்தால் பழுப்பு நிறத் துருவும், ஆவியாகி எஞ்சிய பெட்ரோலின் பிசினும் தெரியும். தொட்டியை வண்டியிலிருந்து இறக்கி, வினிகரை நிரப்பி ஓரிரு நாட்கள் வைத்து, கொட்டிக் கழுவி, சோடா உப்புக் கரைத்த நீரால் அமிலத்தைப் போக்கி, நன்கு உலர்த்திய கையோடு உட்புறம் எங்கும் எண்ணெய் படியும்படி புரட்டிவிட வேண்டும். தாமதித்தால் துரு திரும்பவும் படரும். கார்புரேட்டரில் ஸ்லோ ஜெட்டின் மிக நுண்ணிய துவாரத்தைக் கம்பியால் குத்தாமல், காற்றால் ஊதியே திறக்க வேண்டும். இன்று நம் பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் இருபது விழுக்காடு எத்தனால் கலந்திருப்பதையும், எத்தனால் காற்றின் ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும் இயல்புடையது என்பதையும், அந்தக் காலத்து ரப்பர்க் குழாய்களும் வாஷர்களும் அதைத் தாங்கும்படி செய்யப்பட்டவை அல்ல என்பதையும் பழைய வண்டி வைத்திருப்போர் மறத்தலாகாது. அவற்றை இக்காலத்து ரப்பருக்கு மாற்றிக்கொள்வதும், வண்டி நெடுநாள் நிற்கப்போகிறதென்றால் கார்புரேட்டரை வடித்துவிடுவதும் அவசியம். அசலையே போற்ற வேண்டும் என்று வாதிடும் நான் இந்த இடத்தில் மாற்றத்தைச் சிபாரிசு செய்வதற்குக் காரணம், கசியும் பெட்ரோல் வண்டியையும் வீட்டையும் எரித்துவிடும் என்பதே. டயருக்கும் இதே நியாயம் பொருந்தும். தேயாமல் இருந்தாலும் விரிசல் கண்ட பழைய டயரில் ஒரு மைல்கூடப் போகக் கூடாது. பழைய பிரேக் ஷூக்களில் கல்நார் கலந்திருக்கக்கூடும் என்பதால், அந்தத் தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

நின்ற வண்டியில் எண்ணெய்த் தொட்டியிலிருக்கும் எண்ணெய் சிறிது சிறிதாகக் கசிந்து கிராங்க் கேஸில் தேங்கிவிடும். அதை வடிக்காமல் கிளப்பினால் தெருவெல்லாம் புகை சூழும்; அந்தப் புகையைக் கண்டு ரிங் போயிற்று என்று முடிவு கட்டுவோர் உண்டு. வடித்துப் புது எண்ணெய் ஊற்றி, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ராக்கருக்கு எண்ணெய் செல்லும் குழாயின் இணைப்பைச் சற்றே தளர்த்தி, அங்கே எண்ணெய் கசிகிறதா என்று பார்த்துக்கொண்டால், பம்பு வேலை செய்கிறது என்ற நிச்சயம் கிடைக்கும்.

இவ்வளவுக்கும் பிறகே நிறத்தைப் பற்றிய பேச்சு எழ வேண்டும். திருவொற்றியூர் ஆலையில் புல்லட்டின் பெட்ரோல் தொட்டியின்மீது ஓடும் பொன்னிறக் கோடுகளை, அச்சோ ஒட்டுத்தாளோ இன்றி, தேர்ந்த கலைஞர்கள் தூரிகை பிடித்துக் கையாலேயே வரைந்து வந்தார்கள். மங்கியிருந்தாலும், ஓரத்தில் உரிந்திருந்தாலும், அந்தக் கோடு ஒரு மனிதனின் மணிக்கட்டு ஒரே மூச்சில் இழுத்த கோடு. அதைச் சுரண்டி எறிந்துவிட்டுப் பளபளக்கும் புதுப் பூச்சின்மேல் ஸ்டிக்கர் ஒட்டுவதைச் சீராக்கல் என்று எப்படிச் சொல்வது? மென்மையான சோப்பு நீரும் மெழுகும் கொண்டு துடைத்தால், தூசியின் அடியிலிருந்து எவ்வளவு அசல் நிறம் எழுந்து வருகிறது என்பதைப் பார்த்துவிட்டு, அதன் பிறகு பெயிண்டரை அழைப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கலாம். ஆதிகாலத்துப் புல்லட்களின் நட்டுகளும் போல்ட்டுகளும் பல இடங்களில் இங்கிலாந்தின் பழைய அளவு மரையைக் கொண்டவை. பொருந்தாத ஸ்பானரால் அவற்றின் முனைகளை மழுக்கிவிட்டுக் கடையில் கிடைத்ததைத் திணிப்பதும் இதே வகையைச் சேர்ந்த நஷ்டம்தான்.

அசலைக் காப்பாற்றுவதற்குச் சட்டத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. 2021-இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, அசல் வடிவத்திலேயே பேணப்பட்டு, பெரிய மாற்றங்களுக்கு உள்ளாகாத வண்டிகளை வி.ஏ. என்ற எழுத்துகளுடன் புராதன வாகனமாகப் பதிவு செய்யலாம். புதிய பதிவுக்கு 20,000 ரூபாயும், புதுப்பித்தலுக்கு 5,000 ரூபாயும் கட்டணம். அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்ற சில காரியங்களுக்காக மட்டுமே சாலையில் ஓட்டலாம். தினமும் ஓட்ட விரும்புகிறவர்கள் 15 ஆண்டுக்குப் பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை வழக்கமான பதிவையே புதுப்பித்துக்கொள்ள வேண்டியவர்கள். இதில் கவனிக்கத் தக்கது, 1980-களில் பிறந்த வண்டிகள் இன்னும் அந்த 50-ஐ எட்டவில்லை என்பது. இன்று அவற்றை மனம்போனபடி வெட்டி ஒட்டி அலங்கரிப்பவர்கள், நாளை அவற்றுக்குக் கிடைக்கக்கூடிய அந்தஸ்தை இன்றைக்கே அழித்துவிடுகிறார்கள். ஐம்பதாண்டு வரம்பை முப்பதாகக் குறைத்து, அசல் நிலையில் பேணப்படும் வண்டிகளுக்கு அரசு இப்போதிருந்தே ஒரு பாதுகாப்பை வழங்குவது நல்லது என்று நினைக்கிறேன்.

இன்னொரு காரியமும் அவசரமாக நடக்க வேண்டும். எஞ்சினின் ஓசையைக் கேட்டே டாப்பெட்டிலா பிக் எண்டிலா குற்றம் என்று சொல்லக்கூடிய பழைய மெக்கானிக்குகள் இன்னும் பல ஊர்களில் இருக்கிறார்கள். புதிய வண்டிகள் கம்ப்யூட்டரோடு பிறப்பதால், அவர்களிடம் தொழில் பழக வருகிற பையன்கள் குறைந்துவிட்டார்கள். தொழிற்பயிற்சி நிலையங்கள் பாயிண்டும் கார்புரேட்டரும் உள்ள எஞ்சினை ஒரு பாடமாக வைத்திருந்து, அந்தப் பாடத்தை நடத்த இம்மெக்கானிக்குகளை மரியாதையுடன் அழைத்து உட்கார வைக்கலாம். வண்டி உடையவர்களும் தம் பங்குக்கு, கேட்டறிந்த யோசனையையும், தாம் வைத்த இடைவெளியையும், மாற்றிய பாகத்தையும், மாற்றாமல் விட்டதற்கான காரணத்தையும் தேதியிட்டு ஒரு நோட்டில் எழுதி, அதை ஆர்.சி. புத்தகத்தோடு சேர்த்து வைத்தால், அடுத்த தலைமுறையில் அந்த வண்டியின் கிக்கரை மிதிக்கப்போகிறவன் எதையும் அநாவசியமாகக் கழற்ற மாட்டான்.