சுரண்டுங்கள், ஆனால் நனைத்துச் சுரண்டுங்கள்!

(இறுதியாண்டு, சிவில் பிரிவு மாணவன்)



வடசென்னை என்றாலே புகை, எண்ணெய், தூசி என்றுதான் ஊரார் பேசுவார்கள். 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் மிதந்தது. அதே மாதம் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து, நள்ளிரவில் சனங்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். அதையெல்லாம் பேசினோம், போராடினோம். பேசத்தான் வேண்டும். ஆனால் நம் வீட்டு வாசற்கதவிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு விஷத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அதுதான் பழைய பெயிண்ட். சும்மா இருக்கும்வரை அது பெரிதாகத் தொல்லை தராது. நாம் அதைச் சுரண்டும் விதத்தில்தான் ஆபத்து இருக்கிறது என்பது என் தாழ்மையான கருத்து.

ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் பழைய வீடுகளில் பர்மா தேக்குக் கதவு, ஜன்னல், அலமாரி இன்றைக்கும் உண்டு. பொங்கலுக்குப் பொங்கல் பழைய பெயிண்ட் மேலேயே புதுப் பெயிண்ட் அடித்து, தேக்கு எது மாமரம் எது என்றே தெரியாமல் போய்விட்டது. இப்போது வார்னிஷ் மோகம். "உள்ளே நல்ல மரம் இருக்குதுப்பா, சுரண்டி பாலிஷ் போடு" என்கிறார்கள். இது போதாதென்று கடற்காற்றில் பெயிண்ட் தானாகவே செதில் செதிலாக உரிகிறது. ஐப்பசி மழையில் கதவு ஊறிப்போய் நிலையில் இடித்தால், ஆசாரி வந்து ஓரத்தை இழைத்துவிட்டுப் போகிறார். அத்தனையும் தூளாகி வீட்டுக்குள்ளேதான் விழுகிறது.

வேலை நடக்கும் விதம் உங்களுக்கும் தெரியும். ப்ளோ லாம்ப் கொளுத்திப் பெயிண்டைக் கொப்பளிக்க வைத்துச் சுரண்டுவார்கள். மிச்சத்தை உப்புத்தாள் போட்டு உலரத் தேய்ப்பார்கள். முகத்தில் ஒரு கர்ச்சீப். பக்கத்திலேயே குழந்தை தவழ்ந்துகொண்டிருக்கும். சாயங்காலம் துடைப்பத்தால் பெருக்கினால் வேலை முடிந்தது!

பெயிண்டில் என்ன இருக்கிறது?

ஈயம். அந்தக்கால வெள்ளைப் பெயிண்டில் ஈயக் கார்பனேட், இரும்புக்கு அடிக்கும் ரெட் லெட்டில் ஈய ஆக்சைடு, பளிச்சென்ற மஞ்சளிலும் ஆரஞ்சிலும் ஈயக் குரோமேட். (ரெட் லெட் வேறு, ரெட் ஆக்சைடு வேறு. பின்னது இரும்புத் துருவின் இனம். நம்மில் பலரும் இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம்.) அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்தை 1978-லேயே தடுத்துவிட்டார்கள். நம் நாட்டில் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற கட்டாய விதி 2016-ல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பர் 1-ல்தான் அமலுக்கு வந்தது. ஆகவே அதற்கு முன் பூசிய எந்தப் பூச்சையும் ஈயம் உள்ளது என்று எண்ணிக்கொள்வதே புத்திசாலித்தனம்.

இதில் நம் ஏரியாவுக்கு மட்டும் ஒரு தனி விசேஷம்! அந்த விதி வீட்டு உபயோகப் பெயிண்டுக்குத்தான். தொழிற்சாலைப் பெயிண்டுக்கு இல்லை. கம்பெனியிலும் ஹார்பரிலும் மிஞ்சிய அரை டப்பா பெயிண்ட் வீட்டுக்கு வந்து ஜன்னல் கம்பிக்கும் கதவுக்கும் ஏறுவதை எங்கள் தெருவில் நானே பார்த்து வளர்ந்தவன். ஆக, நம் வீட்டுக் கதவில் என்ன இருக்கிறது என்று டப்பாவைப் பார்த்தும் சொல்ல முடியாது.

"இன்னா ஆயிடுச்சு?"

ஒரு பெயிண்டர் மேஸ்திரியிடம் இதைச் சொன்னேன். "முப்பது வருசமா இத்தான்பா பண்றோம், இன்னா ஆயிடுச்சு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஈயம் ஆசிட் மாதிரி உடனே சுடாது. எலும்பில் போய் உட்கார்ந்து வருஷக்கணக்கில் சேரும். வயிற்று வலி, ரத்தசோகை, மறதி என்று பிறகு வரும்போது யாரும் கதவை நினைப்பதில்லை. குழந்தைகள் கதை இன்னும் மோசம். உள்ளே போகும் ஈயத்தில் பெரியவர்களைப்போல் நாலைந்து மடங்கு அவர்கள் உடம்பு உறிஞ்சிக்கொள்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்றும் அதே நிறுவனம் சொல்கிறது.

சென்னைப் பள்ளிகளில் 3 முதல் 7 வயதுவரை 756 குழந்தைகளைச் சோதித்த ஓர் ஆய்வு 2009-ல் வெளியானது. ரத்தத்தில் சராசரியாக டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம் ஈயம் இருந்தது. 5 வந்தாலே காரணத்தைத் தேடிப்பிடித்து நிறுத்து என்பது 2021-ல் உலக சுகாதார நிறுவனம் தந்த வழிகாட்டுதல். ஈயம் கூடின குழந்தைகளிடம் கவனக்குறைவும் நடத்தைக் கோளாறும் கூடியிருந்ததாக ஆசிரியர்களின் மதிப்பீட்டில் தெரிந்தது. எல்லாம் பெயிண்டால் வந்தது என்று நான் சொல்லவில்லை. 2000 வரை பெட்ரோலிலும் ஈயம் இருந்தது. ஆனால் பெட்ரோலிலிருந்து அது போய்விட்டது, கதவிலிருந்து போகவில்லையே!

இது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. 1921-ல் ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஈயப் பெயிண்ட் பற்றி ஓர் உடன்படிக்கை போட்டது. உலரத் தேய்ப்பதாலும் சுரண்டுவதாலும் கிளம்பும் தூசியிலிருந்து பெயிண்டரைக் காக்க வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறார்கள். நூறு வருஷம் தாண்டியும் நாம் மட்டும் பழைய குருடி கதவைத் திறடி என்று இருக்கிறோம்.

பிறகு எப்படித்தான் செய்வது?

1. முதல் கேள்வி: சுரண்டியே ஆக வேண்டுமா? பெயிண்ட் உரியாமல் கெட்டியாக இருந்தால் சோப்புத் தண்ணீரில் கழுவி, ஈரத்தில் லேசாகத் தேய்த்து, மேலே புதுக் கோட்டிங் கொடுத்தால் போதும்.

2. சுரண்டித்தான் ஆக வேண்டுமென்றால் தண்ணீர் தெளித்துச் சுரண்டுங்கள். உப்புத்தாளுக்குப் பதில் வாட்டர் பேப்பர். கார் பட்டறையில் தினமும் செய்கிற வேலைதானே, வீட்டுக் கதவுக்கு மட்டும் ஏன் கூடாது?

3. ப்ளோ லாம்ப் வேண்டவே வேண்டாம். ஈயம் 327 டிகிரியில் உருகும். அந்தச் சுடர் ஆயிரம் டிகிரியைத் தாண்டும். ஈயப்புகை நேரே நுரையீரலுக்குப் போகும். ஹாட் ஏர் கன் என்றால் குறைந்த சூட்டில் வையுங்கள்.

4. ரிமூவர் டப்பாவில் மெத்திலீன் குளோரைடு என்று போட்டிருந்தால் உஷார். அது 40 டிகிரியிலேயே கொதிக்கும், அதாவது நம் கத்திரி வெயிலிலேயே! ஆவி காற்றைவிடக் கனம். மூடின ரூமில் கீழே தங்கி ஆளையே சாய்த்துவிடும். சாதாரண மாஸ்க் இதைத் தடுக்காது. அமெரிக்காவில் பொதுமக்களுக்கு விற்கக்கூடாதென்று 2019-ல் தடையே போட்டுவிட்டார்கள்.

5. தரையில் ஷீட் விரித்து வேலை செய்யுங்கள். தூசிக்கு N95 மாஸ்க் போடுங்கள். பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். செதில்களைப் பையில் கட்டி அபாயக் கழிவு என்று தனியாகக் கொடுங்கள். வேலை முடியும்வரை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வரக்கூடாது.

நம் பங்கு

"இதெல்லாம் காண்டிராக்டுக்குக் கட்டுப்படியாகாது" என்பார்கள். அங்கேதான் டிப்ளமோக்காரன் வேலை இருக்கிறது. நாளைக்கு சைட் சூப்பர்வைசராக நிற்கப்போவதும், எஸ்டிமேட் போடப்போவதும் நாம்தான். தண்ணீர் ஊற்றினால் செலவு கூடாது, நேரம்தான் கூடும். அந்த நேரத்துக்குக் கூலி இல்லை என்பதால்தான் பெயிண்டர் உலரத் தேய்க்கிறார். ஆகவே எஸ்டிமேட்டில் ஒரு வரி சேர்ப்போம்: "பழைய பெயிண்டை நனைத்து நீக்கிச் சுத்தம் செய்தல்." அந்த ஒரு வரி ஒரு தொழிலாளியின் ரத்தத்தைக் காப்பாற்றும்.

இன்னொன்று போகிப் பண்டிகை. டயர் எரிக்காதே என்று வருஷா வருஷம் சொல்கிறோம். பெயிண்ட் அடித்த பழைய ஜன்னலையும் கதவையும் கொளுத்துவது மட்டும் யாருக்கும் உறுத்துவதில்லை. இந்த ஆண்டு நம் என்.எஸ்.எஸ். நண்பர்கள் தெருவில் இறங்கி அதையும் சேர்த்துச் சொல்லலாமே! நம் மாணவர் மன்றமும் லேப் ஆசிரியர்கள் துணையோடு ஒரு சோதனை முகாம் நடத்தலாம். சோடியம் சல்பைடு கரைசலை ஒரு சொட்டு விட்டால் ஈயமுள்ள வெளிர்நிறப் பெயிண்ட் கறுக்கும். கறுக்கவில்லை என்பதற்காக ஈயமே இல்லை என்று முடிவு கட்டக்கூடாது என்பதையும் மக்களுக்குச் சொல்ல வேண்டும்.

நண்பர்களே! ஆலைப் புகையை நிறுத்த அரசு வேண்டும், நீதிமன்றம் வேண்டும். கதவுத் தூசியை அடக்க ஒரு வாளித் தண்ணீர் போதும். கைக்கெட்டிய இந்த வேலையையாவது நாம் தொடங்குவோம்!