சட்டம் அறிவோம்: அரசே வீட்டுக்காரர் ஆகும்போது



செஞ்சி, மேல்சித்தாமூர்ப் பக்கங்களிலிருந்து பிழைப்பை நாடிச் சென்னைக்குச் செல்வோருள் சிலர் அரசு வாடகைக் குடியிருப்புகளில் வாழ்கின்றனர். “அரசு வீடுதானே, யார் நம்மைக் காலி செய்யச் சொல்வார்?” என்று அவர்கள் எண்ணுவதுண்டு. உண்மை நேர்மாறானது. தனியார் வீட்டில் குடியிருப்பவருக்கு வாடகைச் சட்டம் தரும் பாதுகாப்பு அரசு வீட்டில் குடியிருப்பவருக்கு இல்லை. தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டமும் அரசுக் கட்டடங்களை விலக்கியே வைத்திருக்கிறது.

இவ்வேறுபாடு முறையா? பம்பாய் வீட்டு வசதி வாரியத்திடம் வாடகைக்கு இருந்த ஒருவர் இக்கேள்வியை உச்ச நீதிமன்றம் வரை கொண்டு சென்றார். தனியாரிடம் குடியிருப்பவனுக்குள்ள காப்பு எனக்கில்லையெனில், சட்டத்தின்முன் சமத்துவம் வழங்கும் அரசியலமைப்பின் 14-ஆம் பிரிவு எதற்கு என்பது அவர் வாதம். 1954-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதிகளில் அச்சான அவ்வழக்கில் அவர் தோற்றார். வாரியம் இலாபம் கருதி வாடகைக்கு விடுவதில்லை. ஆதலின் அதனைத் தனியாரோடு ஒப்பிடலாகாது என்றது நீதிமன்றம்.

இலாப நோக்கம் இல்லையென்றால் அநீதியும் இராது என்று கொள்ளலாமோ? ஓர் எழுத்தரின் மெத்தனமே ஒரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்தப் போதுமே!

இவ்விடைவெளியை 1989-ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்று பெரிதும் அடைத்தது. பம்பாய்த் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் நிலத்தில் வாடகைக்கு இருந்த துவாரகாதாஸ் மார்ஃபாட்டியா நிறுவனம் மேல்முறையீடு செய்திருந்தது. வாடகைச் சட்டத்தினின்று விலக்குப் பெற்ற பொது அமைப்பு, தனியாரைப் போல மனம்போன போக்கில் எவரையும் வெளியேற்றலாகாது. அதன் செயல் நியாயமானதாகவும் பொதுநலன் கருதியதாகவும் இருத்தல் வேண்டும். அதனை நீதிமன்றம் ஆராயலாம் என்று நீதிபதி சபியசாச்சி முகர்ஜி தீர்ப்பெழுதினார். விந்தை என்னவெனில், மேல்முறையீடு செய்த நிறுவனமும் தோற்றது. கழகத்தின் செயலில் தவறு காணப்படவில்லை. செயல் நியாயமற்றது என்று காட்டும் பொறுப்பும் குடியிருப்பவர் மீதே விழுந்தது. ஆகவே வாடகை இரசீதுகள், ஒதுக்கீட்டு ஆணை, வந்த கடிதங்கள் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள்.

மத்திய அரசுக் கட்டடங்களுக்கு 1971-ஆம் ஆண்டின் பொதுக்கட்டட வெளியேற்றச் சட்டம் பொருந்தும். முதலில் காரணம் கேட்கும் அறிவிப்பு வரும். அதற்கு எழுத்து மூலம் பதில் தர வேண்டும். வெளியேற்ற ஆணை பிறந்தால் மாவட்ட நீதிபதியிடம் மேல்முறையீடு செய்யலாம். அதற்குரிய கெடு 12 நாள்களே. தக்க காரணம் காட்டினால் மட்டும் தாமதம் மன்னிக்கப்படலாம். மாநில அரசுக் கட்டடங்களுக்கு 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் தனியே உண்டு. ஆணை கைக்கு வந்த அன்றே வழக்குரைஞரிடமோ இலவசச் சட்ட உதவி மையத்திலோ காட்டிக் கெடுவைத் தெரிந்துகொள்ளுங்கள்.