சுக்கிர திசையா? சூரியத் தொலைவா?

சுக்கிர திசை அடித்தால் செல்வம் கொழிக்குமாம்! மதுரைத் தெருக்களிலே இன்றும் கட்டம் போட்டுக் காசு பறிக்கின்றனர். நாம் கேட்கிறோம்: அந்த வெள்ளி கதிரவனைக் கடப்பதைக் காண, 1761-இல் கடலிலே சிக்கித் தவறவிட்ட பிரெஞ்சு அறிஞர் லெ ழான்தி, எட்டாண்டு காத்திருந்து 1769-இல் புதுச்சேரியிலே கருவி நாட்டினாரே, வரம் வேண்டியா? அல்ல, கதிரவனின் தொலைவை அளக்க!

முகில் மறைத்தது. அவர் தோற்றார்; அறிவு தோற்கவில்லை. வெவ்வேறு நாடுகளில் நின்றோர்க்கு வெள்ளியின் பாதை சற்றே விலகித் தெரிந்தது. அவ்விலகலைக் கொண்டு கணக்கிட்டனர். ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர்! எந்தச் சாதகம் இதைச் சொல்லிற்று?

தோழர்களே! வெள்ளியின் அடுத்த கடப்பு 2117-இல். புதனோ 2032 நவம்பர் 13 பிற்பகலில் கடக்கும். வெறுங்கண்ணால் பாராதீர், தொலைநோக்கி வழியே கதிரவன் உருவை வெண்தாளில் வீழ்த்தி, வைகைக்கரைச் சிற்றூர்தோறும் அக்கரும்புள்ளியைக் காட்டுவோம். கட்டம் கலையட்டும், கண் திறக்கட்டும்!