மல்டி டூல் வாங்கலாமா?

“சொட்டுநீர்க் குழாய், முள்வேலி, ஸ்பிரேயர் என்று தினமும் ஏதாவது பழுது. கட்டிங் பிளேயர், கத்தி, ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் ஒன்றாக மடங்கும் மல்டி டூல் பயன்படுமா?”

- வாசகர், திண்டுக்கல் மாவட்டம்.

பயன்படும். எத்தனை கருவி இருக்கிறது என்று எண்ணிப் பயனில்லை. தோட்டத்தில் கைக்கு வருவது மூன்று, நான்குதான். பிளேயரை மூடி வெளிச்சத்தில் பிடித்தால் நுனியில் இடைவெளி தெரியக் கூடாது. இறுக்கும்போது பக்கவாட்டில் ஆடக் கூடாது. கத்தியை விரித்ததும் ‘லாக்’ விழ வேண்டும். இல்லாவிட்டால் குழாயை அறுக்கும்போது மடங்கி விரலைப் பதம் பார்த்துவிடும். உரக்கரைசல் பட்டால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் கறுக்கும். கழுவித் துடைத்து, இணைப்பில் ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும்.

முக்கியமாக, கைப்பிடி வெறும் உலோகம். மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் இதை நுழைக்கவே கூடாது. அந்த வேலைக்கு மெயினை அணைத்துவிட்டு வயர்மேனைக் கூப்பிடுவதே சரி.